ஆட்டோமேட்டிக்கைக் கொடுத்துவிட்டு மேனுவல் வாங்கலாமா?

கேள்வி: 2019 மஸ்டா மியாட்டா என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன், ஆட்டோமேட்டிக். தினமும் டர்ன்பைக் (சுங்க நெடுஞ்சாலை) நெரிசலில் வேலைக்குப் போய்வர வேண்டுமே என்றுதான் அதை எடுத்தேன். போன மாதம் நண்பனின் மேனுவல் மியாட்டாவை அரை மணி நேரம் ஓட்டினேன், அன்றிலிருந்து என் காரில் உட்கார்ந்தால் ஏதோ குறைகிற மாதிரியே இருக்கிறது. சென்னையில் மாருதி 800-ல் ஓட்டக் கற்றவன் நான். மாற்றலாமா, இல்லை காசைக் கரியாக்குகிறேனா?
- ஒரு வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: மாற்றுங்கள். இதையே போர்ஷே 718 கேமன் வைத்திருப்பவர் கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன், ஏனென்றால் அதிலுள்ள இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நம் கையைவிட வேகமாக கியர் மாற்றும். சாதாரண 718-ல் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட மேனுவலுக்கு 5.1 விநாடி, அதற்கு 4.9. உங்கள் காரில் இருப்பது வழக்கமான டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக், அதாவது கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக எஞ்சின் விசையைக் கடத்துகிற வகை. டர்போ இல்லாத 2 லிட்டர் எஞ்சின், அதன் 181 குதிரைத்திறனும் முழுசாக வருவது 7,000 ஆர்பிஎம்மில்தான். ஆட்டோமேட்டிக்கோ பெட்ரோலை மிச்சம் பிடிக்க சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடும். ஸ்டீயரிங் பின்னால் விரலால் கியர் மாற்ற பேடில் இருக்கிறதே என்பீர்கள், ஆனால் வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தபடியே ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுக்கும்போது அந்தக் குட்டை லீவர் டக்கென்று உள்ளே போய் உட்காருமே, நண்பரின் காரில் உங்களுக்குப் பிடித்துப்போனது அதுதான், அது பேடிலில் வராது. இன்னொன்று, வளைவில் உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் அமெரிக்காவில் மேனுவல் மியாட்டாவுக்கு மட்டும்தான் வருகிறது, அதுவும் எல்லா ரகத்திலும் இல்லை. அது இருக்கிற 'கிளப்' (Club) என்ற ரகமாகத் தேடுங்கள்.

நெரிசல்தான் உண்மையான கேள்வி. நண்பரிடம் மறுபடி காரைக் கேளுங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலி ரோட்டுக்கு வேண்டாம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீஸுக்கே எடுத்துக்கொண்டு போங்கள். மியாட்டாவின் கிளட்ச் லேசானதுதான், ஆனாலும் நாற்பது நிமிடம் நகர்ந்து நின்று நகர்ந்தால் இடது முழங்கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வலித்தால் இந்த ஆசையை விட்டுவிடலாம், அதில் தப்பே இல்லை. மாருதியில் பழகியது வீண்போகாது. பெடல் வரிசை அதேதான், கியர் மட்டும் வலது கைக்கு வந்துவிடும், முதல் கியர் உங்கள் பக்கமாக இருக்கும். முதல் வாரம் இடது கை கதவைத் தட்டும், அப்புறம் சரியாகிவிடும்.

காசு விஷயத்தில், நேரடியாக விற்றால் கொஞ்சம் அதிகம் கிடைக்கும், ஆனால் டீலரிடமே எக்ஸ்சேஞ்ச் செய்தால் நியூ ஜெர்சியில் 6.625 சதவீத விற்பனை வரி வித்தியாசத் தொகைக்கு மட்டும்தான். உங்கள் காருக்கு 20,000 டாலர் போட்டால் வரியிலேயே 1,325 டாலர் மிச்சம். அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பழைய மேனுவல் வாங்கினால், எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாம் கியர் கரகரவென்று இழுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். மேல் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது, புது கிளட்ச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.