தேர்தல் முடிவும் ரிட்டயர்மென்ட் பணமும்

அன்புள்ள சார்,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் நெய்வேலியில் வேலை பார்த்து, போன மாதம் 60 வயது முடிந்து ரிட்டயர் ஆனார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 45 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. இதற்கு முன்பே மியூச்சுவல் ஃபண்டில் 4 லட்சம் வரை சேர்த்திருந்தோம். 2024 ஜூன் 4, நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த அன்று, மார்க்கெட் விழுவதை டிவியில் பார்த்துப் பயந்துபோய் மொத்தத்தையும் விற்கச் சொல்லிவிட்டார். அந்தப் பணம் இன்னும் சேவிங்ஸ் கணக்கிலேயே கிடக்கிறது. பேங்க் டெபாசிட்டைப் புதுப்பித்தபோது வட்டியும் குறைந்துவிட்டது. இப்போது அவர், "நான் வேலை பார்த்த கம்பெனி, கவர்மென்ட் கம்பெனி. பாதிப் பணத்துக்கு அதன் பங்கையே வாங்கிவிடலாம், எந்த ஆட்சி வந்தாலும் அதைக் கைவிட மாட்டார்கள்" என்கிறார். மகனோ, ஆட்சி மாறினால் எல்லாம் மாறும், பொறுத்திருந்து போடலாம் என்கிறான். எந்த ஆட்சி வந்தால் எதில் போட வேண்டும் என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா? அரசியலைப் பார்க்காமல் பணத்தைப் போட முடியுமா?

கடலூர் வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சகோதரி,

அரசியலைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் வீட்டில் எல்லோரும் தேர்தல் முடிவையே பார்க்கிறீர்கள். உங்கள் பணத்தைத் தொடுகிற அரசியல் பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு நாளில், டிவி கவனிக்காத ஓர் அறிவிப்பாக வருகிறது.

ஜூன் 4-ஐ முதலில் பேசிவிடலாம். அதற்கு முந்தைய நாள் கருத்துக்கணிப்புகளை நம்பி மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறியிருந்தது. மறுநாள் ஆளுங்கட்சி 240 இடங்களோடு நின்றுபோனதும் சுமார் 4,390 புள்ளிகள், அதாவது 5.74 சதவீதம் சரிந்தது. வெள்ளிக்கிழமை, ஜூன் 7 அன்று, 76,693-ல் முடிந்தபோது விழுந்தது முழுக்கத் திரும்பிவிட்டது, கொஞ்சம் கூடவும் ஆகியிருந்தது. மூன்றே வர்த்தக நாட்கள். 2004 மே 17 இதைவிட மோசம். இடதுசாரிகளின் ஆதரவில் ஆட்சி அமையப்போகிறது என்ற பயத்தில் சந்தை 11 சதவீதம் சரிந்து 4,505-ல் நின்றது. நடுவில் வர்த்தகத்தையே நிறுத்திவைத்தார்கள். அந்த ஆட்சி நடந்துகொண்டிருந்த 2007 கடைசியில் அதே சென்செக்ஸ் 20,000-ஐத் தாண்டியிருந்தது. 2009 மே 18-ல் அதே கூட்டணி மறுபடி ஜெயித்து வந்ததும் ஒரே நாளில் 2,110 புள்ளிகள் ஏறியது.

உங்கள் கணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரிட்டயர்மென்ட் நெருங்கும் நேரத்தில், உழைத்துச் சேர்த்த பணம் கண் முன்னால் கரைவதைப் பார்த்தால் யாருக்கும் கை நடுங்கும். அவர் விற்றது கூடப் பெரிய விஷயம் இல்லை. அந்த 4 லட்சம் இத்தனை நாளாக சேவிங்ஸ் கணக்கில் கிடக்கிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இனி வட்டிக்கு வருகிறேன். இதை எங்கள் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன்.

என் அப்பா 1996-ல் இங்கே புதுச்சேரியில் ரிட்டயர் ஆனார். கைக்கு வந்த 3 லட்சத்தை அப்படியே பேங்கில் டெபாசிட் போட்டார். அப்போது 12 சதவீத வட்டி. மாதம் 3,000 ரூபாய். முத்தியால்பேட்டையில் வாடகை, மளிகை, மருந்து எல்லாம் அதற்குள் அடங்கும்படி ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். 2003-ல் அந்த டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போனபோது வட்டி 6 சதவீதம். 3,000 என்பது 1,500 ஆனது. பேங்கிலிருந்து திரும்பி வந்த அப்பா யாரோடும் பேசவில்லை. மறுநாளிலிருந்து வீட்டுக்கு ஒரு லிட்டருக்குப் பதில் அரை லிட்டர் பால் வந்தது. இந்த ஏழு வருடத்தில் டில்லியில் எத்தனை முறை ஆட்சி மாறியது என்று யோசித்துப் பாருங்கள். 96, 98, 99 என்று மூன்று பொதுத்தேர்தல்கள். யார் உட்கார்ந்தாலும் வட்டி மொத்தத்தில் இறங்கிக்கொண்டேதான் வந்தது. அப்பா ஒவ்வொரு தேர்தலையும் உன்னிப்பாகப் பார்த்தார், தினமும் இரண்டு பேப்பர் படித்தார். ஆனால் டெபாசிட் எந்தத் தேதியில் முதிர்கிறது, அன்று வட்டி என்னவாக இருந்தால் என்ன செய்வது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த அரை லிட்டர் பாலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

உங்கள் டெபாசிட் வட்டி குறைந்ததற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. பணவீக்கத்தை 4 சதவீதத்துக்குப் பக்கத்தில், 2-க்கும் 6-க்கும் நடுவில் வைத்திருப்பது ரிசர்வ் வங்கியின் பொறுப்பு. ஆறு பேர் கொண்ட குழு ஒன்று அதற்காகக் கூடி, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை முடிவு செய்கிறது. கொரோனா காலத்தில் அது 4 சதவீதத்துக்கு இறங்கியது. விலைவாசி ஏறியதும் 2022 மே முதல் ஏற்ற ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் 6.5-க்குக் கொண்டுபோனார்கள். விலைவாசி அடங்கியதும் 2025-ல் நான்கு முறை குறைத்து 5.25 ஆக்கினார்கள். பேங்க் டெபாசிட் வட்டி இதன் பின்னாலேயே கொஞ்சம் தாமதமாக வரும்.

அஞ்சலக வட்டி வேறு மாதிரி. அதை நிதி அமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கிறது. தேர்தலும் பணமும் நேராக மோதிக்கொண்டதை நாம் எல்லோரும் பார்த்தது 2021 மார்ச் 31 இரவு. பி.பி.எஃப். என்கிற நீண்ட காலச் சேமிப்புத் திட்டத்தின் வட்டியை 7.1-லிருந்து 6.4 ஆகவும், மூத்த குடிமக்கள் திட்ட வட்டியை 7.4-லிருந்து 6.5 ஆகவும் குறைத்து அறிவிப்பு வந்தது. விடிந்ததும், அது தவறுதலாக வெளியான உத்தரவு, திரும்பப் பெறப்படுகிறது என்று நிதி அமைச்சரே சொன்னார். வங்காளத்தில் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த நேரம் அது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஏப்ரல் 6-ல் ஓட்டு. அன்று நம் சேமிப்பைத் தேர்தல் காப்பாற்றியது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

வரியும் இப்படித்தான். பங்கில் நீண்ட கால லாபத்துக்கு 2018-ல் 10 சதவீத வரி திரும்ப வந்தது, 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் அது 12.5 ஆனது. அதே பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரி 15-லிருந்து 6 சதவீதத்துக்கு இறங்கியதால் முந்தைய வாரம் நேரு வீதியில் நகை வாங்கியவர்கள் வயிற்றெரிச்சல் பட்டார்கள். இவை தலைப்புச் செய்தி ஆயின. கடன் பத்திரங்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டுகளான கடன் ஃபண்டுகளின் கதை அப்படி இல்லை. 2023 மார்ச்சில், பட்ஜெட் உரையில் இல்லாத ஒரு திருத்தமாக, அந்த ஃபண்டுகளுக்குப் பணவீக்கத்தைக் கழித்து வரி கட்டும் சலுகையை எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியவர்களுக்கு அது தொடரும் என்றார்கள். அடுத்த வருடம் ஜூலையில் அதுவும் போய்விட்டது. அதனால், வரிச் சலுகை ஒன்றை மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள் என்று என்னைக் கேட்கிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கணவரின் யோசனை. அரசு நிறுவனத்தின் பங்கு வாங்குகிறவர் அரசோடு கூட்டுச் சேர்கிறார். அந்தக் கூட்டாளிக்கு லாபம் தவிர வேறு கவலைகளும் உண்டு. இது நெய்வேலிக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2006-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் பங்குகளை விற்க மத்திய அரசு முடிவெடுத்தபோது, கூட்டணியில் இருந்த தி.மு.க. எதிர்த்து நின்றது. பிரதமர் மன்மோகன் சிங் எல்லாப் பொதுத்துறை விற்பனையையும் சேர்த்தே நிறுத்திவைத்தார். 2013-ல் மறுபடி விற்க வந்தார்கள். பட்டியலிட்ட அரசு நிறுவனங்களில் 10 சதவீதமாவது வெளியார் கையில் இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அப்போது வற்புறுத்திய விதி. மத்திய அரசிடம் 93.56 சதவீதம் இருந்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மிச்சம் 3.56 சதவீதத்தைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று முதல்வர் ஜெயலலிதா கேட்டுப் பெற்றார். பங்கு 60 ரூபாய் வீதம், சுமார் 358 கோடி.

தொழிலாளியின் இடத்திலிருந்து பார்த்தால் அந்தப் போராட்டம் நியாயம், நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பங்கு வைத்திருப்பவர் இடத்திலிருந்து பாருங்கள். பங்கு எப்போது, எவ்வளவு, யாருக்கு, என்ன விலைக்கு விற்கப்படும் என்பதில் டில்லியும் சென்னையும் தொழிற்சங்கமும் பேசின. சிறு பங்குதாரரை யாரும் கேட்கவில்லை. நிறுவனம் நல்லதா கெட்டதா என்று நான் பேசவில்லை. எந்த ஆட்சியும் கைவிடாது என்பது நிறுவனம் மூடப்படாது என்பதற்கு உத்தரவாதமாக இருக்கலாம், பங்கு விலைக்கு அது உத்தரவாதம் ஆகாது. முப்பது வருடச் சம்பளம் வந்த அதே இடத்தில் கிழட்டு வயதுப் பணத்தில் பாதியையும் வைப்பது, எனக்குச் சம்மதமில்லை. ஆசைக்கு 1 லட்சத்துக்கு வாங்கிக்கொள்ளட்டும்.

மகன் சொல்வதுபோல் காத்திருப்பதிலும் பயனில்லை. ஒரு தேர்தல் முடிந்தால் அடுத்தது வரும்.

நீங்கள் எதில் பணம் போடப் போனாலும் ஒரு கேள்வி கேளுங்கள். இதன் வருமானத்தை அரசு நடுவில் மாற்ற முடியுமா? பி.பி.எஃப். வட்டியை ஒவ்வொரு காலாண்டிலும் மாற்றலாம், உள்ளே இருக்கும் பழைய பணத்துக்கும் சேர்த்து. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் கணக்கு திறக்கும் நாளில் என்ன வட்டியோ, அதுவே ஐந்து வருடத்துக்கும். மறுநாளே குறைத்தாலும் உங்களுக்குக் குறையாது. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், 2023-க்கு முன் 15 லட்சம்தான். 2025 முழுக்க இருந்த 8.2 சதவீதத்தில் கணக்குப் போட்டால் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வரும். வட்டிக்கு வரி உண்டு, அதை மறக்க வேண்டாம். பென்ஷன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அது எவ்வளவாக இருந்தாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

மிச்சம் 15 லட்சத்தில் 5 லட்சத்தை எடுத்த எடுப்பில் கிடைக்கும்படி வையுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது உங்கள் ஊரும் எங்கள் ஊரும் இருட்டில் கிடந்தது நினைவிருக்கும். கூரை போனவர்களுக்கு அந்த வாரமே பணம் தேவைப்பட்டது. மீதி 10 லட்சத்தை ஒரே நாளில் முதிரும்படி போடாமல் ஒன்று, இரண்டு, மூன்று வருடம் என்று பிரித்து டெபாசிட் போடுங்கள். அப்பாவுக்கு நடந்தது உங்களுக்கு ஒரே நாளில் நடக்காது. டெபாசிட் காப்பீடு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரைதான், அதனால் இரண்டு மூன்று வங்கிகளில் போடுங்கள். சேவிங்ஸில் கிடக்கும் அந்த 4 லட்சம் ஏழெட்டு வருடத்துக்குத் தேவைப்படாது என்றால், மாதம் 20,000 வீதம், சென்செக்ஸ் போன்ற குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் மெதுவாகத் திரும்பப் போகட்டும். போடும் தேதியை பேங்கிலேயே தானியங்கியாக வைத்துவிடுங்கள். அந்தத் தேதியில் எந்தத் தேர்தல் இருந்தாலும் இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் பணம் யார் பெயரில் இருக்கிறது என்று எங்கும் இல்லை. அஞ்சலகத்துக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். மூத்த குடிமக்கள் திட்டக் கணக்கைக் கணவன் மனைவி கூட்டாகத் திறக்கலாம், உங்களுக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டியதில்லை. படிவத்தில் இரண்டாவது பெயர் எழுத இடம் இருக்கும். அதில் உங்கள் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.

அன்புடன்.