கண்ணைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள்

மேடம், வணக்கம். எனக்கு 34 வயது. சின்ன வயதிலிருந்தே வயலின் வாசிக்கிறேன். இரண்டு வருடமாகச் சுரங்க ரயில் நிலையங்களில், முறையாக அனுமதி வாங்கித்தான். வருமானம் ஏதோ ஓடுகிறது, அதைப் பற்றி எழுத வரவில்லை.

ரயில் வந்து நின்றதும் கூட்டம் மொத்தமாகப் பாயும். இரண்டு நிமிடத்தில் நடைபாதை காலி. என்னைக் கடந்து போக ஒருவருக்கு இருபது விநாடி ஆகுமா? அதற்குள் அவர் காதில் என்ன விழும்? அதனால் எதையும் முழுசாக வாசிப்பதை விட்டுவிட்டேன். எல்லாருக்கும் தெரிந்த பல்லவி, திரும்பவும் அதே பல்லவி. பெட்டியைத் திறந்ததும் நானே கொஞ்சம் சில்லறை போட்டு வைப்பேன். காலிப் பெட்டியில் யாருக்கும் போடத் தோன்றாது. என் போணியை நானே செய்துகொள்கிறேன்.

போன மாதம், முன்பு வேலை பார்த்த ஆபீஸில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் எதிரே வந்தார். ஐந்து வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர். என்னைப் பார்த்தார். நான் சிரிக்கப் போனேன். சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அழைப்பு எதுவும் வரவில்லை மேடம், திரை இருட்டாகவே இருந்தது. வில் கையில் நிற்கவில்லை. அன்றிலிருந்து கடந்து போகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன். பார்க்காமல் போகிற ஒவ்வொருவரும் ‘உனக்கு வாசிக்கத் தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போவது போலிருக்கிறது. இரவு வீட்டுக்குத் திரும்பும் ரயிலிலேயே சில்லறையை எண்ணுவேன். குறைந்திருந்தால் அன்று சாப்பாடு இறங்காது. அக்காவிடம் இசைப் பள்ளியில் வேலை என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசி ரயிலுக்கு முன்னால் தரை துடைக்க வரும் அம்மா, நான் மெதுவாக ஏதாவது வாசித்தால் வாளியைத் தள்ளுவதை நிறுத்துவார். மற்றபடி நான் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. எனக்குத் திறமை இல்லையா? விட்டுவிடலாமா?

— பெயர் வேண்டாம்

தம்பி, நீங்கள் வாசித்து நான் கேட்டதில்லை. அதனால் உங்கள் திறமை பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. இருபது விநாடியில் கடந்து போகிறவருக்கும் தெரியாது. ஆனால் அவரைத்தான் நீங்கள் தினமும் நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கிறீர்கள்.

2007 ஜனவரியில் வாஷிங்டனில் ஒரு பத்திரிகை ஒரு சோதனை செய்தது. உலகப் புகழ் பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல், சாதாரண உடையில், தலையில் தொப்பியோடு, காலை வேலைக்குப் போகும் நேரத்தில் ஒரு மெட்ரோ நிலையத்தில் நின்று 43 நிமிடம் வாசித்தார். கையில் 1713-ல் செய்த ஸ்ட்ராடிவேரியஸ், உலகின் மிக விலை உயர்ந்த வயலின் வகைகளில் ஒன்று. கடந்து போனவர்கள் 1,097 பேர், நின்று கேட்டவர்கள் 7 பேர். பெட்டியில் விழுந்தது சுமார் 32 டாலர். குழந்தைகள் நின்று பார்க்க முயன்றார்கள், பெற்றோர் இழுத்துக்கொண்டு போனார்கள்.

இதைச் சொல்லிவிட்டு ‘மக்களுக்கு ரசனை செத்துப்போச்சு’ என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இதைவிடப் பழைய ஓர் ஆய்வு, 1973-ல் டார்லி, பேட்சன் என்ற இருவர் வெளியிட்டது, எனக்கு முக்கியமாகப் படுகிறது. இறையியல் படிக்கும் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேசச் சொல்லி அனுப்பினார்கள். வழியில் ஒருவர் முடியாமல் சுருண்டு கிடப்பதுபோல நடிக்க வைத்தார்கள். அவசரம் இல்லாத மாணவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ‘நேரமாகிவிட்டது, ஓடு’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். அவர்களில் சிலர் பேசப் போனதே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவனைப் பற்றிய பைபிள் கதையான நல்ல சமாரியன் கதையைப் பற்றி! விழுந்து கிடக்கிற மனுஷனையே தாண்டிப் போக வைக்கிறது அவசரம். வயலின் எம்மாத்திரம்?

சரி, உங்கள் பழைய நண்பருக்கு வருவோம். அது அவசரம் இல்லை, எனக்கும் தெரிகிறது. தெருக் கலைஞரின் கண்ணைப் பார்த்துவிட்டால் ஏதோ கொடுக்க வேண்டிய கடன் வந்துவிட்டதாகப் பலருக்குத் தோன்றும். தெரிந்தவர் என்றால் இன்னும் சங்கடம். காசு போட்டால் உங்களை அவமதித்ததாகுமோ, போடாவிட்டால் கஞ்சன் ஆகிவிடுவோமோ? அந்த இரண்டு விநாடியில் அவருக்குக் கிடைத்த ஒளிவிடம் போன். உங்களுக்கு வலித்தது நியாயம்தான். ஆனால் அந்த இருட்டுத் திரையில் உங்கள் வாசிப்பைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை.

ரயிலில் சில்லறை எண்ணுவதை இன்றோடு நிறுத்துங்கள். எப்போது விழும், எவ்வளவு விழும் என்று தெரியாத காசுக்கு மனம் சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்த மாதிரி மாட்டிக்கொள்ளும். பணத்தை ஒரு டப்பாவில் போட்டு வாரத்துக்கு ஒரு தடவை எண்ணினால் போதும். அனுமதி இடம் கொடுத்தால், நடைபாதையை விட்டு ஜனங்கள் காத்திருக்கும் இடத்துக்கு மாறிப் பாருங்கள். ரயில் வரும்வரை அவர்களுக்கு வேறு வேலை இல்லை, ஒரு சரணமாவது காதில் விழும். அப்புறம், தினமும் ஒரு பாட்டையாவது முழுசாக வாசியுங்கள். இரண்டு வருடமாகப் பல்லவியை மட்டும் கேட்டு வளர்ந்த உங்கள் காதே இப்போது உங்களை நம்ப மறுக்கிறது என்று நினைக்கிறேன்.

அக்காவிடம் சொல்வதை அவசரப்படுத்த மாட்டேன். ஆனால் பொய்யைக் காப்பாற்றுவதும் தினசரி வேலைதான், அதற்குச் சில்லறைகூட விழாது. சாப்பாடு இறங்காததும் மனச்சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால், கடிதத்தோடு நிறுத்தாமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். போனைக் காதில் வைத்தவருக்கு ஒரு பத்தியே கொடுத்திருக்கிறீர்கள். வாளியை நிறுத்துகிற அம்மாவுக்கு ஒரே ஒரு வரி, அடுத்த வரியிலேயே ‘மற்றபடி’ என்று தாண்டிவிட்டீர்கள். நீங்களும் கொஞ்சம் அவசரத்தில்தான் இருக்கிறீர்கள் போலிருக்கிறது. அடுத்த கடிதத்தில், அவர் வாளியை நிறுத்தியது எந்தப் பாட்டுக்கு, அதை முழுசாக வாசித்தீர்களா என்று எழுதுங்கள்.