வளையம் எப்போது விடும்? செல் பிரிதல் பற்றி வாசகர் கேள்விகள்

பிரியும் செல்லில் குரோமோசோம்கள் இருபுறமும் பிசகாமல் சேருவது எப்படி? (பிளஸ் டூ மாணவி, ஆத்தூர்)

மனிதச் செல்லின் 46 குரோமோசோம்களும் பிரிதலுக்கு முன் நகலெடுக்கப்படுகின்றன. மூலத்தையும் நகலையும் சேர்த்துப் பிடித்திருப்பது கோஹீசின் என்னும் புரதக் கூட்டமைப்பு. பல புரதங்கள் கூடி வளையமாகி, இரு டிஎன்ஏ இழைகளையும் தனக்குள் அடக்கிக்கொள்கின்றன. குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிய கதிரிழைகள், செல்லின் எதிரெதிர்த் துருவங்களிலிருந்து வந்து ஒவ்வொரு இணையையும் பற்றவேண்டும். ஒரேயொரு குரோமோசோம் பற்றப்படாமல் நின்றாலும், அதிலிருந்து எழும் தடைச் சமிக்ஞை செல் முழுவதையும் காத்திருக்க வைக்கிறது. அனைத்தும் பற்றப்பட்ட பிறகே ஏபிசி என்னும் இன்னொரு கூட்டமைப்பு விழித்து, செக்யூரின் என்னும் காவல் புரதத்தை அழிவுக்கு அனுப்ப, அதுவரை கட்டுண்டிருந்த செப்பரேஸ் நொதி விடுபட்டு வளையத்தை அறுக்கிறது. கட்டங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, இந்தக் காத்திருப்பைப் புரிந்துகொள்வதே முக்கியம் என்பேன்.

கண்வலிக்கிழங்கு விதையின் சத்து செல் பிரிவதை நிறுத்துமாமே? (விவசாயி, தலைவாசல்)

நிறுத்தும். கண்வலிக்கிழங்கு எனப்படும் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள கால்ச்சிசின், கதிரிழையின் அலகான டியூபுலினில் போய் ஒட்டிக்கொள்வதால் இழை வளர முடிவதில்லை. செல் பாதிவழியில் நின்றுவிடுகிறது. இதே நஞ்சு உடலுக்குள் போனால், ஓயாது பிரிந்துகொண்டிருக்கும் குடற்சுவர்ச் செல்களும் எலும்பு மஜ்ஜைச் செல்களும் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, உயிரே போகக்கூடும். கிழங்கையும் விதையையும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஏற்காட்டுக் காப்பிச் செடியிலும் இந்த வளையம் உண்டா?

உண்டு. ஈஸ்ட் முதல் மனிதர் வரை கோஹீசின் இருக்கிறது. அரபிகா வகைக் காப்பிச் செடியின் 44 குரோமோசோம்களையும் அதுவே பிடித்துவைக்கிறது.

எங்கள் மகனுக்குக் கார்னீலியா டி லாங்கே குறைபாடு. கோஹீசின் கோளாறு என்றார்கள். செல் சரியாகப் பிரியவில்லையா? எங்கள் தவறா? (தாய், ஓமலூர்)

உங்கள் தவறு எதுவும் இல்லை, அம்மா. பெரும்பாலான குழந்தைகளிடம் இந்தக் குறைபாட்டுக்குக் காரணமான மரபணு மாற்றம் பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றுகிறது. கோஹீசினை டிஎன்ஏ மீது ஏற்றிவிடும் புரதத்துக்கான என்ஐபிபிஎல் மரபணுவில்தான் அது அதிகம் காணப்படுகிறது. இக்குழந்தைகளின் செல்கள் பெரும்பாலும் முறையாகவே பிரிகின்றன. கோஹீசினுக்கு மற்றொரு வேலையும் உண்டு: டிஎன்ஏவைக் கண்ணிகளாக மடித்து, எந்த மரபணு எப்போது எவ்வளவு இயங்கவேண்டும் என்பதை ஒழுங்குசெய்வது. கருவிலிருக்கும்போதே அந்த ஒழுங்கு பல மரபணுக்களில் சிறிது சிறிதாகத் தளர்வதால்தான் உயரமும் எடையும் கைகளின் அமைப்பும் பாதிக்கப்படுகின்றன. அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணும்போது, மகனின் மரபணுப் பரிசோதனை அறிக்கையோடு மருத்துவ மரபியல் நிபுணரை இருவரும் சேர்ந்து சென்று பாருங்கள்.