சன்னி ரோலின்ஸின் இரண்டு சுரங்கள்

வணக்கம். டெனர் சாக்ஸபோன் பழகுகிறேன். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் சின்னதாக ஒரு கருவை எடுத்து அதையே வளர்த்துக்கொண்டு போவார் என்கிறார்கள். அவருடைய 'செயின்ட் தாமஸ்' பாட்டைப் பலமுறை கேட்டும் பிடிபடவில்லை. இது கர்நாடக இசையில் ஒரே வரியைப் பலவிதமாக விரிக்கும் நம் நிரவல் மாதிரியா? நான் முயன்றால் ஒன்றையே திரும்பத் திரும்ப வாசிப்பது போலிருக்கிறது.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மெட்டு முடிந்து சோலோ (ரோலின்ஸ் தன் கற்பனையில் வாசிக்கும் பகுதி) தொடங்கும் இடத்தை மட்டும் கேளுங்கள். இரண்டே சுரம், வெட்டி வெட்டி. இடைவெளி. மறுபடி அதே இரண்டு, தாளத்தின் வேறு தட்டில். 1956 ஜூன் 22 அன்று இது பதிவானபோது அவருக்கு வயது 25. அந்த வயதில் விரல் வேகத்தை அடக்கி வைத்திருக்கிறாரே, அதுதான் ஆச்சரியம்.

நிரவலோடு ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் அங்கே ஆதார சட்ஜம் அசையாது. இங்கே அடியில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) மாறிக்கொண்டே இருக்கும், கருவும் கூடவே வளைய வேண்டும்.

12 பார் ப்ளூஸில் பழகுங்கள்; நான்கு தட்டு ஒரு பார், 12 பாரில் கார்டுகள் ஒரு சுற்று முடிக்கும். பி ஃபிளாட் ப்ளூஸ் என்றால் டெனரில் நீங்கள் வாசிப்பது சி; டெனரின் சி, பியானோவின் பி ஃபிளாட்டாக ஒலிக்கும். ஜி, ஈ என்ற இரண்டு சுரமும் போதும். முதல் நான்கு பார் சி7 கார்டு. ஜி–ஈ அப்படியே பொருந்தும். ஐந்தாம் பாரில் எஃப்7 வந்ததும் ஈ இடிக்கும், அந்தக் கார்டில் இருப்பது ஈ ஃபிளாட். ஆகவே ஜி–ஈ ஃபிளாட். தாளத்தைத் தொடாதீர்கள். இறங்கியது அரைச் சுரம்தான், ஆனால் பாட்டு நகர்ந்துவிட்டது. ஏழாம் பாரில் சி7 திரும்பும்போது பழைய ஈக்கு வந்துவிடலாம்.

பலர் சுரத்தையும் தாளத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுகிறார்கள். அப்போது முன்னதற்கும் பின்னதற்கும் என்ன உறவு என்று காதுக்குத் தெரியாது. உங்கள் சிக்கல் இதற்கு நேரெதிர் என்று தோன்றுகிறது: ஒவ்வொரு பாரிலும் முதல் தட்டிலேயே தொடங்குகிறீர்கள். ஒருமுறை இரண்டாம் தட்டில் எடுங்கள், அடுத்தமுறை நான்காம் தட்டு தாண்டி அரைத் தட்டில். நடுவே ஒரு முழு பார் சும்மா விடுங்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 அடியில் வைத்து, அந்த அடிகளை 2, 4 என்று எண்ணினால் இடம் தவறுவது உடனே தெரிந்துவிடும்.

இது கைவந்த பிறகு 'செயின்ட் தாமஸ்' வந்த அதே இசைத்தட்டில் உள்ள 'ப்ளூ 7' கேளுங்கள். அதன் கருவில் (பியானோ சுருதியில் சொன்னால்) டி, ஏ ஃபிளாட் இரண்டும் வரும். இவை பி ஃபிளாட் 7இலும் உண்டு, ஈ7இலும் உண்டு. எது வீடு, அதாவது பாட்டின் ஆதாரம், என்றே சந்தேகம் வரும். 1958இல் இசையறிஞர் கன்தர் ஷுல்லர் ஒரு கட்டுரையில் இதை அக்குவேறு ஆணிவேறாக அலசினார். நல்ல கட்டுரைதான், ஆனால் அதைப் படித்த கையோடு சாக்ஸபோனை எடுக்காதீர்கள், விரல் நகராது. முதலில் 'ப்ளூ 7'இல் டக் வாட்கின்ஸின் பாஸ் (கீழ்ச்சுர நரம்புக் கருவி) தனியாக நடக்கும் தொடக்கத்தைக் கேட்டு, அதன்மேல் உங்கள் ஜி–ஈயை வாசித்துப் பாருங்கள்.