ஏரியலை விடுங்கள், ரேடியோவைத் திருப்புங்கள்

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தாத்தாவின் பழைய டிரான்சிஸ்டரைப் பழுது பார்த்து வைத்திருக்கிறேன். இரவில் மத்திய அலையில் அரபி போல ஏதோ மங்கலாகக் கேட்கிறது. ஏரியலை முழுதாக நீட்டியும் கரகரப்புதான். வெளிநாட்டு நிலையங்களைக் கேட்க வேறு ரேடியோ வாங்க வேண்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம். அந்த ஏரியல் பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. மத்திய அலையைப் பிடிப்பது பெட்டிக்குள் படுத்திருக்கும் கறுப்பு ஃபெரைட் தண்டு. பெரும்பாலும் ரேடியோவின் நீளவாக்கில் இருக்கும். தண்டின் பக்கவாட்டிலிருந்து வரும் அலையை அது நன்றாக வாங்கும். இரு முனைகளும் நோக்கும் திசையில் ஏறக்குறையச் செவிடு. இந்தச் செவிட்டுத்தன்மைதான் உங்களுக்குப் பெரிய உதவி. 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி பலமாக வருகிறதல்லவா? ரேடியோவை மெல்லத் திருப்பி, தண்டின் முனை திருச்சியைப் பார்க்கும்படி வையுங்கள். திருச்சி அமுங்கும். அதே அலைவரிசையில் வேறு திசையிலிருந்து இன்னொரு நிலையம் வந்துகொண்டிருந்தால், அப்போது மேலே வரும். பலமான நிலையத்தை இப்படி அமுக்கக் கற்றவர்தான் தூரத்து நிலையங்களைப் பிடிக்கிறார்.

அடுத்தது கரகரப்பு. எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர், டிவி, மின்னணு ஃபேன் ரெகுலேட்டர் என எல்லாமே இந்த அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுகின்றன. ரேடியோவில் பேட்டரி போட்டு, வீட்டு மெயினை ஐந்து நிமிடம் அணைத்துப் பாருங்கள். நான் வளைகுடா நிலையம் ஒன்றை முதன்முதலில் தெளிவாகக் கேட்டது, தெருவே இருண்டு கிடந்த ஒரு மின்வெட்டு இரவில்தான். ரேடியோவும் அதேதான், இடமும் அதேதான். உங்களுக்குக் கடற்கரை பக்கத்தில் இருக்கிறது. மின்கம்பிகளைவிட்டுத் தள்ளி மணலில் போய் உட்காருங்கள். உப்பு நீர் மத்திய அலையைத் தரையைவிட நன்றாகக் கடத்தும். கடலோரத்தில் இலங்கை நிலையங்கள் பகலிலும் கேட்பதற்குக் காரணம் அதுதான்.

சரி, எப்போது கேட்பது? பகலில் வானத்தின் 'டி' அடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைய, மேலே உள்ள அடுக்குகள் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. அதனால் உங்களுக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட வழி முழுக்க இருட்டாக இருக்க வேண்டும். தாய்லாந்தில் நமக்கு முன்பே இருட்டிவிடும், ஆகவே அந்தி சாய்ந்ததும் கிழக்கைத் தேடுங்கள். வளைகுடாவில் பொழுது சாய இன்னும் ஒன்றரை மணி நேரம்போல ஆகும். விடியலில் கிழக்கு முதலில் மங்கும், மேற்கு நம் சூரியோதயம் வரை தாங்கும். விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். உள்ளூர் நிலையங்கள் பல தூங்கும் நேரம் அது.

மொழி புரியாவிட்டால் எந்த நாடு என்று எப்படித் தெரியும்? கடிகாரத்தைப் பாருங்கள். நிலையங்கள் பெரும்பாலும் மணி அடிக்கும் நேரத்தில் தங்கள் பெயரைச் சொல்லும். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட (UTC) ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், பாகிஸ்தான், வங்கதேசம், அமீரகம், தாய்லாந்து ஆகிய நாடுகளின் முழு மணி நமக்கு அரை மணியில் வரும். நம் 7.30-க்கு நேரக்குறியும் செய்தியும் வந்தால் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். சரியாக 8 மணிக்கு வந்தால் இலங்கை, மியான்மர், ஈரான் பக்கம் யோசியுங்கள். ஈரான் நம்மைவிடச் சரியாக இரண்டு மணி நேரம் பின்னால்.

எண்ணும் உதவும். 1978 முதல் ஆசியாவில் மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருக்கின்றன. சென்னை 720, தூத்துக்குடி 1053 என எதை எடுத்தாலும் 9-ஆல் மீதமின்றி வகுபடும். பின்னாளில் டிஜிட்டல் ரேடியோ வாங்கினால் அது 10 படியில் இல்லாமல் 9 படியில் நகர்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். 10 என்பது அமெரிக்கப் படி; அதில் 1053-இல் நிற்க முடியாது, 1050-இல்தான் நிற்கும்.

அதற்கு முன் ஒரு லூப் ஆண்டெனா செய்யுங்கள். ஒரு மீட்டர் பக்கமுள்ள மரச் சட்டத்தில் இன்சுலேஷன் உள்ள கம்பியைச் சுமார் பத்துச் சுற்று சுற்றி, இரு முனைகளையும் வேறொரு பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சரில் (நிலையம் மாற்றும் திருகோடு சேர்ந்து சுழலும் பாகம்) இணைத்தால் போதும். ரேடியோவோடு கம்பி இணைப்பு வேண்டாம். சட்டத்தின் அருகே ரேடியோவை வைத்து, கண்டென்சரைத் திருகுங்கள். சரியான இடத்தில் ஒலி சட்டென்று எழும். சட்டத்தைத் திருப்பித் திசையும் பார்க்கலாம். என் கணக்கில் புது ரேடியோவைவிட இதற்குப் பலன் அதிகம்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், அலைவரிசை, கேட்டது என்ன என்று எழுதி வாருங்கள். நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து உலக நேரத்தையும் குறியுங்கள். நிலையத்துக்குக் கடிதம் எழுதினால் அதைத்தான் கேட்பார்கள்; விவரம் சரியாக இருந்தால் நீங்கள் கேட்டது தங்களைத்தான் என்று சில நிலையங்கள் உறுதி அட்டை அனுப்பும். மழை ஓய்ந்து, இடி மின்னலின் படபடப்பு குறைந்த தை, மாசி இரவுகளில் தொடங்குங்கள். அதற்குள் லூப்பும் தயாராகிவிடும்.