ஈஎஸ்ஐ வேலையில்லா நிவாரணம் கேட்டால் 'தகுதியில்லை' என்று வருகிறது. யாரிடம் போய்க் கேட்பது?

"மூன்று வருஷமா சம்பளத்துல ஈஎஸ்ஐ பிடிச்சாங்க. வேலை போன பிறகு நிவாரணம் கேட்டா தகுதியில்லைன்னு திருப்பிட்டாங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். 2023-ல் இதே புலம்பலோடு திருப்பூரில் அலைந்தவன் நான். யாரிடமும் போவதற்கு முன்னால் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டு உள்ளே போய், சந்தா (மாதாமாதம் உங்கள் பேரில் கட்டும் தொகை) விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதைப் பார்க்காமல் மனு எழுதிக்கொண்டு இரண்டு மாதத்தைத் தொலைத்தேன்.

ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன், மாதம் 14,500. ஆர்டர் குறைந்து, மார்ச் 31-ம் தேதி சாயங்காலம் எங்கள் பதினோரு பேரை நிறுத்தினார்கள். "ஆர்டர் வந்தா கூப்பிடறோங்க" என்பதுதான் அவர்கள் சொன்ன ஒரே வார்த்தை. கடிதம் எதுவும் கிடையாது. வேலை போய் 30 நாள் கழித்துத்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால் மே மாதம் போட்டேன். திரும்பி வந்தது. அம்மாவின் சர்க்கரை மாத்திரை முதல் வீட்டு வாடகை வரை சேர்த்து இரண்டு பக்க மனு எழுதிக்கொண்டு ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் மனுவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மானிட்டரை என் பக்கம் திருப்பினார். ஏப்ரல்: வேலை நாள் 0, சம்பளம் 0, காரணம் 'ஆன் லீவ்'. "நீங்க இன்னும் அங்க வேலையிலதாங்க இருக்கீங்க, லீவுல இருக்கீங்க" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, திரையில் இருந்ததைத்தான் படித்தார்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதிக்குள் கம்பெனி சந்தா கட்டும்போது, ஓர் ஆளுக்கு வேலை நாள் பூஜ்யம் என்றால் காரணத்துக்கு ஒரு எண் போட வேண்டும். 1 என்றால் விடுப்பு, 2 என்றால் வேலையிலிருந்து போய்விட்டார் ('லெஃப்ட் சர்வீஸ்'), 10 என்றால் ஆட்குறைப்பு, 11 என்றால் வேலை இல்லை. 2 போட்டால் கடைசி வேலை நாளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 1 போட்டால் ஒரு தலைவலியும் இல்லை. அதனால் தட்டுகிறவர் 1 தட்டிவிட்டுப் போய்விடுவார். கம்பெனி தட்டியதைக் கிளை அலுவலகத்துக்காரர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அவரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

எங்கள் ஊரில் பாதிக் கம்பெனிகளுக்கு இந்த வேலையை வெளியே ஒரு பிஎஃப்-ஈஎஸ்ஐ கன்சல்டன்ட்தான் செய்வார். கம்பெனி கேட்டில் நின்று கெஞ்சியதைவிட, மாடிப்படி ஏறி அந்தக் கன்சல்டன்ட் ஆபீசுக்குப் போனதுதான் வேலைக்கு ஆனது. அங்கிருந்த பெண் தேடிப் பார்த்துவிட்டு, "ஆமாங்கண்ணா, லீவுன்னுதான் போட்டிருக்கு. ஆளுங்க திரும்ப வந்தாலும் வருவாங்கன்னு கம்பெனியில சொன்னாங்க" என்றது. கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தால் மாற்றுவதாகச் சொன்னது. மெயில் வாங்க மூன்று வாரம் ஆயிற்று. அடுத்த மாதச் சந்தாவில் 2 போட்டு, கடைசி நாள் 31.03.2023 என்று ஏற்றினார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணக்கு முடிக்கும்போது "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். தானாக வேலையை விட்டுப் போனவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் இந்த நிவாரணம் கிடையாது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மறுபடி விண்ணப்பித்தேன், மறுபடி திரும்பியது. இந்தத் தடவை காரணம் வேறு: வேலை போவதற்கு முன் இரண்டு வருடம் ஈஎஸ்ஐ வேலையில் இருந்திருக்க வேண்டும், கணக்கில் எனக்கு 14 மாதம்தான் இருந்தது. 2022 பிப்ரவரியில் இந்தக் கம்பெனிக்கு வந்தபோது, ஏற்கெனவே ஈஎஸ்ஐ எண் இருக்கிறதா என்று என்னை யாரும் கேட்கவில்லை. புதுசாக ஒன்று போட்டுவிட்டார்கள். பழைய கம்பெனிச் சந்தா பழைய எண்ணில் தனியாகக் கிடந்தது. ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்த பழைய இ-பெஹ்சான் (ஈஎஸ்ஐ அடையாள அட்டை) தாள் கிடைத்ததால் பிழைத்தேன். இரண்டு எண்ணும், இரண்டு இடத்துச் சம்பளச் சீட்டும், ஆதார் நகலும் கொடுத்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லிக் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். இன்னொரு நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். நீங்களும் வாங்காமல் வராதீர்கள்.

இந்த இணைப்புக்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730 ஆல் வகுத்து, அதில் பாதியை ஒரு நாளைக்குத் தருவார்கள். சந்தாக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். 14,500 வீதம் 24 மாதத்துக்கு 3,48,000. நாளுக்கு 238 ரூபாய் சொச்சம், 90 நாளுக்கு 21,450. பாதிச் சம்பளம் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு இது சரிதான். ஆனால் 14 மாதச் சம்பளத்தை மட்டும் அதே 730 ஆல் வகுத்தால் 90 நாளுக்கு 12,500 தான் தேறும். அந்த 90 நாளும் வாழ்நாளில் ஒரே தடவைதான். ஆகவே பணம் வந்தவர்களும் தொகையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பெயர்த் தகராறு நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ளது. ஆதாரில் என் இனிஷியல் பின்னால், ஈஎஸ்ஐயில் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பேர் முழுசாக. விண்ணப்பிக்கும் முன்பே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள்; ஆதார் நகலும் கம்பெனிக் கடிதமும் கேட்பார்கள்.

திட்டத்தின் பெயர் 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா'. கவுண்டரில் அதைச் சொல்லி நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம், வேலையில்லா நிவாரணம் என்றாலே புரியும். 2018 ஜூலையில் சோதனையாகத் தொடங்கி, நீட்டித்து நீட்டித்து ஓட்டுகிறார்கள். அதனால் இன்றைய நிலையைக் கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நாள் சம்பளத்தில் 25 சதவீதமாக இருந்ததை 2020 ஊரடங்கில்தான் 50 ஆக்கினார்கள். கம்பெனி வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போது போனது. பத்திரத்தில் எழுதித் தரும் பிரமாண வாக்குமூலத்தை 2020 நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். இதற்கென்று பத்திரச் செலவு கேட்கும் பிரவுசிங் சென்டரில் எழுந்து வந்துவிடுங்கள். ஆவணங்களை ஆன்லைனில் ஏற்றாவிட்டால் மட்டும் விண்ணப்பத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, நகல்களோடு நேரில் கொடுக்க வேண்டும்.

உங்கள் கம்பெனி மொத்தமாக மூடிவிட்டதா, சட்டப்படி ஆட்குறைப்பு செய்ததா? அப்படியானால் ராஜீவ் காந்தி ஷ்ராமிக் கல்யாண் யோஜனாவைப் பற்றிக் கேளுங்கள். 2005 முதல் இருக்கிறது. முதல் வருடம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த வருடம் 25 சதவீதம் என்று 24 மாதம் வரை கிடைக்கும். அதற்குத் தகுதி இருந்தும் தெரியாமல் 90 நாள் நிவாரணத்தோடு திரும்புகிறவர்கள் உண்டு.

கம்பெனி அசையவே இல்லையென்றால் 1800-11-2526-க்குப் பேசுங்கள், இலவச எண். மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்திலும் பதியலாம். "எனக்கு அநியாயம் நடந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். "ஏப்ரல் முதல் விடுப்பு என்று தவறாக ஏற்றப்பட்டுள்ளது, கடைசி வேலை நாள் மார்ச் 31, ஆதாரம் இணைப்பில்" என்று நான்கு வரியில் எழுதுங்கள். கன்சல்டன்ட் ஆபீசிலும் அப்படி ஒரு தாளைத்தான் கொடுத்தேன். எனக்குப் பணம் வந்தது செப்டம்பரில், அதற்குள் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டேன்.

இப்போதைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து, கடைசி மூன்று மாதத்துக்கு எதிரே என்ன காரணம் போட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.