மபேலே மாவு கோதுமைக்கு ஈடாகுமா?

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கிறோம். 19 வயதான என் மகளுக்குச் சீலியாக் நோய் இருப்பது இரத்தப் பரிசோதனையிலும் சிறுகுடல் திசுப் பரிசோதனையிலும் உறுதியாகிவிட்டது. இரத்தச்சோகையும் உள்ளது. ரொட்டி, சோஜி (ரவை) எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். கடையில் விற்கும் மபேலே மாவு நம் முன்னோர் உண்ட சோளம்தான் என்கிறார் என் மாமியார். அதை அன்றாடம் கொடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மாமியார் சொல்வது சரியே. ஜூலு மக்கள் மபேலே என்பதும் தமிழ்நாட்டில் சோளம் என்பதும் ஒரே தானியம்தான். ஆப்பிரிக்காவில் தோன்றி இந்தியாவுக்குச் சென்றது அது. மீலியையும் நம் வீடுகளில் சோளம் என்று சொல்லிவிடுவதால் குழப்பம் வருகிறது. மீலி என்பது மக்காச்சோளம். சீலியாக் நோயில் சிறுகுடலின் உட்சுவரைப் புண்ணாக்குவது கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம். மபேலே, மீலி இரண்டிலும் குளூட்டன் இல்லை என்பதால், மகளுக்கு இரண்டையும் கொடுக்கலாம்.

முழுச் சோள மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 10 கிராம் புரதமும் 3 முதல் 4 மில்லிகிராம் இரும்புச்சத்தும் இருக்கின்றன. ஆனால் தானியத்தில் இயல்பாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருளும், சிவந்த சில வகைகளில் மிகுந்திருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால், அதில் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. மாவை நீரில் கரைத்து ஓரிரவு புளிக்க வைத்துக் காய்ச்சினால் ஃபைட்டேட் குறையும். ஆடி மாதக் கூழுக்கு மாவைப் புளிக்க வைத்த நம் பாட்டிமார்களுக்குக் கைவந்த முறைதான் இது. சோளப் புரதத்தில், உடலுக்குத் தேவையான லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால் பருப்போ கடலையோ உடன் இருக்கட்டும். தக்காளிச் சட்னி, எலுமிச்சை, கொய்யா ஆகியவை இரும்பை உடல் ஏற்க உதவும். தேநீர் அதைத் தடுக்கும், ஆகையால் உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இவ்வளவு செய்தாலும், குடலின் உட்சுவர் ஆறும்வரை உணவை மட்டும் நம்பி இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் ரொட்டிக்கான கோதுமை மாவிலும் மீலி மாவிலும் இரும்பு, ஃபோலிக் அமிலம் முதலியவற்றைச் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம்; மபேலே மாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரொட்டியை விட்ட மகள் மீலியையும் விட்டுவிட்டு மபேலேயையே உண்டால், அந்த ஃபோலிக் அமிலமும் கைவிட்டுப் போகும். எனவே இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். அடுத்த இரத்தப் பரிசோதனையில் ஃபோலேட் (ஃபோலிக் அமிலத்தின் இயற்கை வடிவம்) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சமையலைப் பொறுத்தவரை, முழுச் சோளம் மூன்று பங்குக்கு உளுந்து ஒரு பங்கு ஊறவைத்து அரைத்துப் புளிக்கவிட்டால் தோசை நன்றாக வரும். ரொட்டிதான் சோதிக்கும்: குளூட்டன் இல்லாத மாவில் இழுவை இருக்காது. கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, சூடு ஆறுவதற்குள் வாழையிலையில் கையால் தட்டுங்கள்; இசப்கோல் உமி ஒரு கரண்டி சேர்த்தால் விரிசல் குறையும். புட்டுக்கோ இழுவையே தேவையில்லை.

கோதுமை அரைக்கும் ஆலையிலேயே சோளமும் அரைபட்டால் கோதுமைத் தூள் அதில் கலந்துவிடும், பயனில்லை. ஆகவே குளூட்டன் இல்லை என்று உறையில் அச்சிட்ட மாவையே வாங்குங்கள். மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கலந்த கஞ்சி மாவில் அது பார்லி மால்ட்டா என்று பாருங்கள், பார்லி ஆகாது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும் வயிற்றுப்போக்கு தொடர்ந்தால் அந்த டப்பாவையும் எடுத்துப் படியுங்கள்.

தனித்தனியே சமைக்கும் சிரமத்துக்காக வீட்டில் எல்லோரும் இப்போதே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் இந்நோய் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும். அதற்கான இரத்தப் பரிசோதனை, கோதுமை உண்டுகொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியான விடை தரும்.